பகாசுரன் கருப்பையாவின் உடல்நலம்

பெரு நாட்டுக்காரர் ஒருவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால், கூடத்து மூலையில் இருக்கும் கினிப்பன்றிகளை எங்கே ஒளித்து வைப்பது என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வந்தவர் என் கணவரின் அலுவலக நண்பர், அரெகிப்பா ஊர்க்காரர், தங்கமான மனிதர். வாசலில் செருப்பைக் கழற்றினார், கொண்டுவந்த பழக்கூடையை என் கையில் கொடுத்தார், நேரே கூண்டருகே போய் நின்றுவிட்டார். முகம் கனிந்துவிட்டது. "எங்கள் பாட்டி வீட்டு அடுப்படியில் இவை ஓடிக்கொண்டே இருக்கும்" என்றார். பிறகு அவற்றில் ஒருவனான பீமனைத் தூக்கி, தொடையை லேசாக அழுத்திப் பார்த்துவிட்டு, "அருமையாக வளர்த்திருக்கிறீர்கள்" என்று பாராட்டினார்.

அந்த அழுத்தம் என்ன அழுத்தம் என்று என் மாமியாருக்கு உடனே புரிந்துவிட்டது. மானாமதுரைச் சந்தையில் ஐம்பது வருடம் கோழி வாங்கியவர். முழங்கையால் என்னை இடித்து, "என்ன மசாலா போடுவாங்கன்னு கேளு" என்றார்.

கேட்டேன். முழுசாக விரித்துப் பரப்பி, சோள மாவில் புரட்டி, எண்ணெயில் போட்டு, மேலே ஒரு கல்லை வைத்து அமுக்கிப் பொரிப்பார்களாம். தலை, பல் எல்லாம் அப்படியே தட்டில் இருக்கும் என்று கையால் காட்டினார். அத்தை கவனமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நண்பர் கிளம்பிப் போனதும், "பாவி மனுசன். பேரு வச்ச பொறகு எப்படித் திங்க முடியும்?" என்றார்.

"அவங்க பேர் வைக்க மாட்டாங்க அத்தை."

"அப்பச் சரி."

இந்த விவகாரம் எங்கள் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் கலிபோர்னியாவின் சட்டம். மகன் முதலில் கேட்டது ஃபெர்ரெட். அது இந்த மாநிலத்தில் வளர்க்கக் கூடாது. அடுத்து ஜெர்பில் கேட்டான். அதுவும் கூடாது. அரசாங்கமே நம் பக்கம் நிற்கிறது என்று நானும் என் கணவரும் நிம்மதியாக இருந்தோம். அவன் சட்டம் அனுமதிக்கும் பட்டியலைத் தேடிப் படிப்பான் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கினிப்பன்றிக்குத் தடை இல்லை. எவ்வளவு பெரிய கினிப்பன்றி என்பதைப் பற்றியும் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

கடையில் விற்கிற கினிப்பன்றி முக்கால் கிலோவிலிருந்து ஒன்றேகால் கிலோ வரை இருக்கும். எங்களுடையவை அந்தச் சாதி அல்ல. குய் என்று ஆண்டிஸ் மலைநாடுகளில் சொல்லும் பெரிய இனம். கறிக்காக வளர்த்த இடத்திலிருந்து ஒரு காப்பகம் மீட்டுக் கொண்டுவந்த இரண்டு ஆண்கள். பீமன் இரண்டே முக்கால் கிலோ. பகாசுரன் மூன்றைத் தாண்டிவிட்டான். பலாப்பிஞ்சுக்கு மீசை வைத்துத் தரையில் விட்ட மாதிரி இருப்பான். சாதாரண கினிப்பன்றிக்கு முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. குய்களில் பலவற்றுக்குக் கூடுதல் விரல் உண்டு. பகனுக்கும் உண்டு. அத்தை அதை எண்ணிப் பார்த்த அன்றே அவனை அதிர்ஷ்டக்காரன் என்று அறிவித்துவிட்டார். அந்த விரல் நகத்தையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கிறதே என்ற என் கவலை எடுபடவில்லை.

ஆண்டிஸ் மக்கள் இந்தப் பிராணியைப் பல ஆயிரம் வருடங்களாக வளர்க்கிறார்கள், பெரும்பாலும் சாப்பாட்டுக்கு. குஸ்கோ நகரப் பேராலயத்தில் மார்கோஸ் சபாத்தா 1753 வாக்கில் வரைந்த கடைசி விருந்து ஓவியம் இருக்கிறது. மேசை நடுவே தட்டில் மல்லாந்து கிடப்பது கினிப்பன்றிதான் என்பது அந்த ஊர்ப் பேச்சு. கடல் கடந்ததும் கதை மாறிவிட்டது. 1580 வாக்கில் இங்கிலாந்தில் வரைந்த ஒரு படத்தில், பட்டுச் சட்டை போட்ட பணக்காரக் குழந்தைகளில் ஒருத்தி கினிப்பன்றியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு கரையில் தட்டு, மறு கரையில் மடி. மடிக்கு வந்தது சிறியதாகவே நின்றுவிட்டது. தட்டில் இருந்ததைத்தான் பெரிதாக்கினார்கள். 1960களின் பிற்பகுதியிலிருந்து லிமாவின் லா மொலினாவில் விஞ்ஞானிகள் சீக்கிரம் வளர்வதையும் சதைப்பிடிப்பானதையும் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினார்கள். அப்படி 2004இல் வெளியிட்ட இனத்துக்கு நாட்டின் பெயரையே, 'பெரு' என்றே, வைத்தார்கள். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் ஒரு கிலோவைத் தொட்டுவிடும். தொட்டதும் சந்தைக்குப் போய்விடும்.

இதுதான் எங்கள் வீட்டுச் சிக்கலின் வேர். லா மொலினாவில் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏழைக் குடும்பத்துக்குக் குறைந்த செலவில் புரதம் வேண்டும் என்று செய்தார்கள், செய்து காட்டினார்கள். ஆனால் மூன்றாவது மாதத்துக்குப் பிறகு இந்த உடம்பு என்ன ஆகும் என்று கவலைப்பட அங்கே யாருக்கும் தேவை இருக்கவில்லை. அந்தத் தேவை, கடன் போட்டு வாங்கிய வீட்டில் வைக்கோல் வாசனையோடு வாழும் எங்களுக்கு வந்திருக்கிறது. சாதாரண கினிப்பன்றி ஐந்திலிருந்து எட்டு வருடம் இருக்கும். குய்யின் ஆயுள் அதைவிடக் குறைவு என்றுதான் வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். வயசாகும் என்று யாருமே எதிர்பார்க்காத பிராணிக்கு வயசாகும்போது கூட இருப்பது தனி வேலை. சம்பளம் கிடையாது, விடுப்பும் கிடையாது.

முதல் வேலை, டாக்டர். நாயும் பூனையும் பார்க்கிற டாக்டர் கினிப்பன்றி பார்க்க மாட்டார். பல்லி, கிளி, முயல், ஆமை என்று மிச்சமிருக்கிற ஜீவராசிகளைப் பார்க்கும் டாக்டர் தனி. அவரிடம் நாள் கேட்டுக் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் கால்நடை மருத்துவமனைச் சீட்டில் பிராணியின் பெயரோடு குடும்பப் பெயரையும் சேர்த்து எழுதுவது வழக்கம். எங்கள் குடும்பப் பெயர் என்பது, கடவுச்சீட்டு எடுத்த காலத்தில் என் கணவர் நிரப்பிய, அவருடைய அப்பாவின் பெயர்.

காத்திருக்கும் அறையில் ஒரு பெண் உடும்பைத் தோளில் போட்டு உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தது. நீலச் சட்டைப் பையன் சீட்டைப் பார்த்துத் திணறி, பிறகு தைரியமாகக் கூப்பிட்டான்: "பகாசுரன் கருப்பையா!"

அத்தைக்குக் கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருடம். இன்றுவரை மாமாவின் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூட "உங்க பேரென்ன, வீட்டுக்காரர் பேரென்ன" என்றால் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார், அவர் சொல்வார். அப்படிப்பட்டவர் காதில், மூன்று கிலோ எலிச் சாதிக்குப் பின்னால் அந்தப் பெயர் கணீரென்று விழுந்தது. எழுந்து நின்றுவிட்டார். கோபமா மரியாதையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

"இதெல்லாம் ஒங்க மாமாவுக்குத் தெரிய வேணாம்" என்று மட்டும் காரில் வரும்போது சொன்னார்.

டாக்டர் அன்று சொன்ன முக்கியமான பாடம் தராசு பற்றியது. கினிப்பன்றி நோயைக் காட்டிக்கொள்ளாது. காட்டில் நோஞ்சானைத்தான் கழுகு முதலில் தூக்கும் என்பதால், சாகும் நிலையிலும் நன்றாக இருக்கிற முகத்தையே வைத்துக்கொண்டிருக்கும். முகத்தைப் பார்க்காதே, எடையைப் பார். வாரம் ஒருமுறை, அதே நேரம், அதே தராசு. எடை இறங்க ஆரம்பித்தால் உள்ளே ஏதோ நடக்கிறது.

சமையலறைத் தராசில் பகாசுரன் கொள்ளவில்லை. குழந்தைகளுக்கான தராசு வாங்கினோம். குய் சுபாவத்தில் பயந்தாங்கொள்ளி, துள்ளி ஓடுவதில் மன்னன். உடம்பைப் பார்த்து இதனால் என்ன ஓட முடியும் என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் பிடிக்க, ஒருவர் கொத்தமல்லியைக் காட்ட, ஒருவர் எண்ணைப் படிக்க, அத்தை நோட்டில் எழுதுவார். பால் கணக்கு எழுதிய கை. பீமன் இருபது கிராம் குறைந்தால் அன்றைக்கு வீட்டில் இட்லி இறங்காது. நான் நான்கு கிலோ ஏறியதை எந்த நோட்டிலும் யாரும் எழுதவில்லை, எழுதாதவரை நல்லது.

அடுத்தது சாப்பாடு. முக்கால்வாசி திமோத்திப் புல், காய்ந்தது. சும்மா வயிற்றுக்காக மட்டும் இல்லை. கினிப்பன்றியின் இருபது பல்லும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். தேயாவிட்டால் உள்ளே இருக்கும் கடைவாய்ப் பற்கள் வளைந்து நாக்கின்மேல் பாலம் கட்டிவிடும். பசி இருக்கும், விழுங்க முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் முன்பல் நான்கும் அழகாகத் தெரியும். அதை வைத்து ஏமாந்துவிடக் கூடாது.

பிறகு வைட்டமின் சி. இந்த ஒரு விஷயத்தில் நாமும் கினிப்பன்றியும் பங்காளிகள். பெரும்பாலான பிராணிகள் அதை உடம்புக்குள்ளேயே தயாரித்துக்கொள்ளும். நம் இரண்டு பேருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை, தினமும் சாப்பிட்டாக வேண்டும். 1907இல் நார்வேயில் ஆக்ஸெல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் என்ற இருவர் வேறொரு நோயை ஆராயப் போய், கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியம் போட்டு வளர்த்தார்கள். அவற்றுக்கு மாலுமிகளின் ஸ்கர்வி வந்துவிட்டது. வைட்டமின் சி கதை தெளிவானதற்கு அந்தக் கினிப்பன்றிகளின் ஈறும் மூட்டும் காரணம். மனிதனுக்கு இவ்வளவு செய்த இனத்துக்குச் சிவப்புக் குடைமிளகாய் வாங்கித் தருவதில் கணக்குப் பார்க்கக் கூடாது என்று கணவர் சொல்வார். குடைமிளகாய் விலை நான்தான் கொடுக்கிறேன்.

ஆரஞ்சைவிடச் சிவப்புக் குடைமிளகாயில் இந்தச் சத்து அதிகம். தண்ணீர்ப் பாட்டிலில் மாத்திரையைக் கரைத்து வைத்தால் சீக்கிரமே வீரியம் போய்விடும், ருசி மாறியதென்று தண்ணீரையே குடிக்காமல் விட்டாலும் விடும். கடையில் விற்கும் தீவன உருண்டையிலும் நாள் ஆக ஆகச் சத்து இறங்கும். அத்தை இதைக் கேட்ட நாளிலிருந்து தீவனப் பையின் தேதியைப் பார்க்காமல் கடையில் நகர மாட்டார். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கூடாது. கீரை அளவோடு, சுண்ணாம்புச் சத்து மிஞ்சினால் சிறுநீர்ப்பையில் கல் சேரும். மிச்சமிருக்கிற கொத்தமல்லியில்தான் எங்கள் ரசம் நடக்கிறது.

பின்கட்டுப் புல்வெளியில் ஒருநாள் அத்தை உட்கார்ந்துவிட்டார். அமெரிக்காவில் பெர்முடா புல் என்று பெயர் வைத்துக்கொண்டு திரிவது நம் அருகம்புல்லேதான். கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒரு கொத்தைப் பறித்துப் பிள்ளையாருக்கு வைத்தார். மீதியைப் பீமனுக்கும் பகனுக்கும் போட்டார். "சாமிக்குப் பாதி, வாகனத்துக்குப் பாதி" என்றார். இரண்டும் போட்டி போட்டுத் தின்றன. எங்கள் புல்வெளிக்குக் களைக்கொல்லி அடிப்பதில்லை என்பதால் நான் பேசாமல் இருந்தேன். பக்கத்து வீட்டு வேலியோரம் போய்ப் பறிக்க ஆரம்பித்தபோதுதான் ஓடிப்போய்த் தடுத்தேன். அங்கே மாதாமாதம் மருந்து அடிக்கிறார்கள்.

பீமன் சாப்பாட்டை நிறுத்திய ராத்திரியை இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அன்று சிரிக்கவில்லை. மாலையில் போட்ட குடைமிளகாய் அப்படியே கிடந்தது. மூலையில் முதுகைக் குவித்து உட்கார்ந்திருந்தான். கினிப்பன்றியின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய ஆலை. அரைநாள் எதுவும் உள்ளே போகாவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. வாந்தி எடுக்கவும் அதற்கு முடியாது. உள்ளே சேர்ந்த வாயுவுக்கு மேல் வழி அடைப்பு.

அத்தை வயிற்றைத் தட்டிப் பார்த்தார். டம் டம் என்றது. "வாயு. ஓமத்தண்ணி குடு" என்றார். நான் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். "பிள்ளைக்கு வாயு புடிச்சா குடுக்கற மருந்து இங்க விக்காதா?" என்று பின்னாலேயே வந்தார். இரவு அவசரச் சிகிச்சைக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். வலிக்கு ஊசி, தோலுக்கடியில் திரவம் எல்லாம் ஏற்றிவிட்டு, வாயுவுக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது சிமெத்திகோன். கைக்குழந்தைக்கு வயிறு உப்பினால் கொடுக்கிற அதே சொட்டு மருந்து. அத்தை அதை என்னிடம் மொழிபெயர்க்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். முதல் தடவையே அவருக்குப் புரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கிளம்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். பென்சிலின் வகை மருந்து, முக்கியமாக அமாக்சிசிலின், வாய்வழி ஒருபோதும் கூடாது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நமக்குத் தொண்டைக்கட்டுக்குச் சாப்பிடுகிற சாதாரண மாத்திரை, இதன் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று கெட்டதுக்கு இடம் விட்டு, ஆளையே முடித்துவிடும். அத்தையின் பெட்டியில் மானாமதுரை மருந்துக்கடையில் பாதி இருக்கிறது. யாருக்கு என்ன வந்தாலும் அதிலிருந்து ஒரு அட்டை வெளியே வரும். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும், நான் கேட்காமலேயே, அந்தப் பெட்டியைப் பூட்டிச் சாவியை அலமாரி உச்சியில் வைத்தார். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரம். பீமனுக்கும் எட்டாது.

அதன்பின் சில நாள் புல்மாவைக் கூழாகக் கரைத்து ஊசிக்குழாயில் எடுத்து வாயோரமாக ஊட்டினோம். மூன்று மணிக்கு ஒருமுறை, ராத்திரியும்தான். துண்டில் சுற்றிப் பிடித்திருந்தால் பாதி உள்ளே போகும், பாதி சட்டையில் போகும். அலாரம் வைத்து எழுந்து மகன் ஊட்டினான். பள்ளிக்கு எழுப்ப ஆறு தடவை கூப்பிட வேண்டியிருக்கும் பிள்ளை. ஒரு விடியற்காலை பீமன் தானாகவே ஒரு புல்லை இழுத்துக் கரகரவென்று மென்ற சத்தம் கேட்டு, வீட்டில் எல்லோரும் கூண்டைச் சுற்றி நின்றோம்.

அடுத்து அவன் தன் பின்பக்கம் குனிந்து, மென்மையான புழுக்கையை நேரடியாக வாயில் வாங்கித் தின்றான். மகன் கைதட்டினான். டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், அது சாப்பாட்டின் இரண்டாம் பந்தி. முதல் சுற்றில் கிடைக்காத சத்தை அப்படித்தான் எடுத்துக்கொள்ளும், அது திரும்ப ஆரம்பித்தால் குடல் திரும்பிவிட்டது என்று அர்த்தம். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த ஒன்றை மட்டும் ஊரில் யாரிடமும் அவர் சொல்லவில்லை.

ஆண் கினிப்பன்றிக்கு வயசானால் வேறொரு தொல்லையும் உண்டு. பின்பக்கத் தசை தளர்ந்து, அந்த மென்மையான புழுக்கை வெளியேறாமல் பையில் அடைந்துவிடும். பஞ்சும் எண்ணெயும் வைத்து ஒரு மனிதர் பொறுமையாக எடுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த மனிதர் என் கணவர். பகல் முழுக்க அவர் சம்மதம் இல்லாமல் ஒரு வரி மென்பொருளும் வெளியே போகாது. மாலையில் பகாசுரன் விஷயத்திலும் அதே நிலைமை. ஆடியோவை மட்டும் போட்டுவிட்டு அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டே இந்த வேலையை முடித்ததை நான் பார்த்திருக்கிறேன். "கொஞ்சம் அடைப்பு இருக்கிறது, பத்து நிமிடத்தில் சரியாகிவிடும்" என்று அவர் சொன்னது கூட்டத்துக்கா பகனுக்கா என்று தெரியவில்லை. இரண்டும் சரியாகிவிட்டன.

அரெகிப்பா நண்பர் பீமனின் உடல்நிலை கேட்டு மறுபடி வந்தார். பேச்சுவாக்கில் அவர்கள் மலைகளில் இன்னும் நடக்கும் ஒரு வைத்தியத்தைச் சொன்னார். நோயாளியின் உடம்பு முழுக்க உயிருள்ள குய்யை வைத்துத் தடவுவார் வைத்தியர். பிறகு அதை அறுத்து உள்ளே பார்ப்பார். நோயாளியின் ஈரல் கெட்டிருந்தால் குய்யின் ஈரலில் தெரியும், நுரையீரல் என்றால் நுரையீரலில். எக்ஸ்ரே இல்லாத ஊரின் எக்ஸ்ரே. அத்தை இதைக் கேட்டுவிட்டுத் தன் முழங்கால் வலியைப் பற்றி அன்று பேசவே இல்லை.

நாங்கள் செய்வது அதற்கு நேர் எதிர். அங்கே மனிதனுக்கு என்ன என்று குய்யை அறுத்துப் பார்க்கிறார்கள். இங்கே குய்க்கு என்ன என்று பார்க்க என் சம்பளத்தை அறுக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் கினிப்பன்றியைத் தனியாக வளர்ப்பதே 2008 முதல் சட்ட விரோதமாம். தனிமையில் அது வாடிவிடும் என்பதால் துணை வேண்டும். எங்களிடம் துணை இருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் பீமனும் பகனும் இடுப்பை ஆட்டி உறுமிக்கொண்டு ஒருவரை ஒருவர் சுற்றி வருகிறார்கள், மூன்று நாள் ஒட்டிப் படுக்கிறார்கள். குடும்பம் என்றால் இப்படித்தான் என்று அத்தை சொல்லிவிட்டார். யாரைப் பற்றிச் சொன்னார் என்று நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அடுத்த மாதம் மாமா மானாமதுரையிலிருந்து வருகிறார். அத்தை தொலைபேசியில் கினிப்பன்றிகளின் எடை, நகம், வயிறு எல்லாம் சொல்லியிருக்கிறார். பெயர் மட்டும் சொல்லவில்லை. சரியாக அவர் வந்திறங்கும் வாரம்தான் பகனுக்கு இதய ஸ்கேன் பார்க்க நாள் கொடுத்திருக்கிறார்கள். தேதியை மாற்றக் கேட்டேன். இரண்டு மாதத்துக்கு வேறு நாள் இல்லை என்றார்கள். மாமாவோ, தானும் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து அமெரிக்க வைத்தியத்தைப் பார்க்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார். சீட்டில் என் அப்பா பெயரைப் போட்டுவிட முடியுமா என்று அத்தை கேட்கிறார்.